போகவில்லை என்பதற்கு ஆங்கிலம் எத்தனை?

ஆங்கில இலக்கணப் புத்தகம் எதைத் திறந்தாலும் பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணை ஒன்று இருக்கும். மேலே இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். பக்கத்தில் சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். ரங்கூனிலோ மோல்மேனிலோ ட்யூஷனுக்குப் போகும் நம் பிள்ளைகளும் இதை ஒப்பிக்கிறார்கள். பன்னிரண்டையும் தட்டாமல் சொல்லும் பிள்ளையிடம் "நேற்று ஏன் வரவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். "ஐ டோன்ட் கேம்" என்று பதில் வரும். அட்டவணை தப்பில்லை. பிள்ளை தடுமாறும் இடம் அதில் இல்லை, அவ்வளவுதான்.

பர்மாத் தமிழ்ப் பிள்ளைக்குக் கையில் இரண்டு மொழி இருக்கிறது. வீட்டிலும் கோயிலிலும் தமிழ், பள்ளியிலும் கடைத்தெருவிலும் பர்மியம். பல வீடுகளில் இப்போது பர்மியம்தான் முந்திக்கொண்டு வருகிறது, அது வேறு கதை. பர்மிய மாணவர்களுக்கு எழுதிய புத்தகம் பர்மியத்தை மட்டும் பார்க்கிறது. சென்னையிலிருந்து வரும் புத்தகம் தமிழை மட்டும் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வசதி தெரியும்: காலம் சொல்வதில் தமிழ் விட்ட இடத்தைப் பர்மியம் பிடிக்கிறது, பர்மியம் விட்ட இடத்தைத் தமிழ் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து கைவிடும் இடம் ஒன்றும் உண்டு. அதிகப் பிழை அங்கேதான்.

இன்ஜின் எந்தப் பக்கம்

முதலில் ஒரே ஒரு விதி. "சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்பதைப் பிரித்துப் பாருங்கள்: சாப்பிட்டு, கொண்டு, இருந்தேன். காலம் எங்கே இருக்கிறது? கடைசியில், "இருந்தேன்" என்பதில். அதை "இருக்கிறேன்" ஆக்கினால் நிகழ்காலம், "இருப்பேன்" ஆக்கினால் எதிர்காலம். முன்னால் உள்ள இரண்டும் அசையவே இல்லை. பர்மியமும் அப்படித்தான். "சா நே தெ" என்பதில் சா என்பது சாப்பிடுவது, நே என்பது நடந்துகொண்டிருப்பது, தெ என்பது வாக்கியத்தை முடிப்பது. கடைசித் தெயை மெ ஆக்கினால் இனி நடக்கப் போவது.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். "வாஸ் ஈட்டிங்" என்பதில் காலத்தைச் சுமப்பது முதலில் நிற்கும் "வாஸ்". தமிழ் ரயிலுக்கு இன்ஜின் பின்னால் என்றால் ஆங்கில ரயிலுக்கு முன்னால். பின்னால் வரும் பெட்டிகளுக்குக் காலமே கிடையாது. அவற்றின் வடிவத்தை முடிவு செய்வது அவற்றுக்கு முன்னால் நிற்கும் சொல்.

"ஹாவ்" வந்தால் அடுத்து வி-3, அதாவது கோ-வென்ட்-கான் என்பதில் உள்ள கான் போன்ற மூன்றாம் வடிவம் (இரண்டாவதான வென்ட் வி-2). "பி" குடும்பம், அதாவது ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன், வந்தால் அடுத்தது "இங்" வடிவம். செயப்பாட்டு வினையானால் மட்டும் வி-3. "வில்", "கேன்", "மஸ்ட்", "டூ", "டஸ்", "டிட்" வந்தால் அடுத்தது எந்த ஒட்டும் இல்லாத மொட்டை வினை. பன்னிரண்டு கட்டமும் இந்த மூன்றிலிருந்தே பிறக்கின்றன. "ஷி ஹாஸ் பீன் வெயிட்டிங்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ் காலத்தைச் சுமக்கிறது. ஹாஸுக்குப் பின் வி-3 வேண்டும், ஆகவே பீன். பீனுக்குப் பின் இங் வேண்டும், ஆகவே வெயிட்டிங். இதற்குப் பெயர் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் என்று தெரியாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

செயப்பாட்டு வினையில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குப் பயமில்லை. பழைய பாடத்திட்டத்தில் உயர்வகுப்பு அறிவியல், கணக்குப் புத்தகங்கள் ஆங்கிலத்திலேயே இருந்ததால் "இஸ் ஹீட்டட்", "இஸ் ஆடட்" என்று படித்துப் படித்துக் கண் பழகியிருக்கிறது. வேதியியல் புத்தகம் கற்றுக்கொடுத்த இலக்கணம் அது. வாய்தான் பழகவில்லை.

இரண்டு மொழியும் கைவிடும் இடம்

"போகவில்லை" என்று ஒருவர் சொன்னால் எப்போது போகவில்லை? நேற்றா, இப்போதா? "நேற்றுக் கடைக்குப் போகவில்லை", "நான் இப்போது கடைக்குப் போகவில்லை", "இன்னும் போகவில்லை" என்று மூன்றுக்கும் ஒரே வினை. உடன்பாட்டில் போனேன், போகிறேன் என்று துல்லியமாகப் பிரிக்கும் தமிழ், மறுப்பில் அந்தப் பிரிவை விட்டுவிடுகிறது. பர்மியம் இன்னும் ஒரு படி மேலே. "ம த்வா பூ" என்றால் போகவில்லை, போவதில்லை, போகமாட்டேன் எல்லாமே அதுதான். தெ, மெ என்ற வேறுபாடு மறுப்பில் காணாமல் போகிறது.

ஆங்கிலம் அப்படி விடாது. மறுத்தாலும் காலத்தைச் சொல்லியே தீர வேண்டும். நேற்று என்றால் "ஐ டிட் நாட் கோ". இப்போது என்றால் "ஐ ஆம் நாட் கோயிங்". இன்னும் என்றால் "ஐ ஹாவ் நாட் கான் யெட்". போவதே இல்லை என்றால் "ஐ டோன்ட் கோ". மாட்டேன் என்றால் "ஐ வோன்ட் கோ". தமிழ் "மாட்டார்" இன்னும் குழப்பும். "அவர் இறைச்சி சாப்பிடமாட்டார்" என்பது நாளைய செய்தி இல்லை, அவருடைய வழக்கம். ஆங்கிலத்தில் அது "ஹி டஸ் நாட் ஈட் மீட்". "வோன்ட் ஈட்" என்றால் பிடிவாதமாக மறுக்கிறார் என்ற பொருள் ஏறிவிடும். விருந்துக்கு அழைத்த வீட்டில் அப்படிச் சொன்னால் நன்றாக இருக்காது.

ஆகவே மறுப்பு வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடங்கும் முன் நேற்று, இப்போது, வழக்கமாக, இன்னும், நாளை என்பவற்றில் ஒன்றை மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் இரண்டு வாரம் புதிய காலம் எதையும் தொடாமல், தினமும் ஐந்து வினையை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இந்த ஐந்து மறுப்பையும் சொல்லிப் பழகுவது பன்னிரண்டு கட்டத்தை ஒப்பிப்பதைவிடப் பயன் தரும். பாடப்புத்தகங்கள் உடன்பாட்டில் தொடங்கி மறுப்பைக் கடைசியில் வைக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்த வரிசை சரிப்படாது என்பது என் கட்சி.

"டிட் நாட் வென்ட்" என்ற பிழைக்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. "போகவில்லை" என்பது போக + இல்லை. "போக" என்பதில் காலம் இல்லை. பேச்சில் யாரும் "போனேன் இல்லை" என்று சொல்வதில்லை. "டிட் நாட் கோ" என்பதில் உள்ள கோ, நம் "போக" மாதிரி காலமில்லாத சொல். காலத்தை டிட் வாங்கிக்கொண்டுவிட்டது. ஒரு வாக்கியத்தில் இரண்டு பேர் சுமக்க வேண்டியதில்லை.

கேள்விக்கும் அதே கதை. தமிழில் "போனாயா" என்று கடைசியில் ஒரு ஆ. பர்மியத்தில் கடைசியில் ஒரு லா. ஆங்கிலத்தில் வேலை முன்னால் நடக்கிறது: காலத்தைச் சுமக்கும் சொல் எழுவாயைத் தாண்டி முன்னே போய் நிற்கிறது. "யூ ஆர் லேட்" என்பது "ஆர் யூ லேட்" ஆகிறது. ஏன், எங்கே என்று சேர்த்தாலும் அந்த இடமாற்றம் மாறாது. "வை யூ ஆர் லேட்", "வேர் யூ வென்ட்" என்று வருவதெல்லாம் கேள்விச் சொல்லைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பதால். "வை ஆர் யூ லேட்", "வேர் டிட் யூ கோ" என்பதே சரி.

சாப்பிடுவார் என்றால் வில்லா?

"தாத்தா காலையில் மொஹிங்காதான் சாப்பிடுவார்." இது வழக்கம். வடிவமோ எதிர்காலம். தமிழ் மட்டும் வைத்துப் படிக்கும் பிள்ளை "கிராண்ட்ஃபாதர் வில் ஈட் மொஹிங்கா எவ்ரி மார்னிங்" என்று எழுதும். இங்கே பர்மியம் கைகொடுக்கிறது. இதையே பர்மியத்தில் சொன்னால் "சா தெ" என்றுதான் முடியும், "சா மெ" என்று முடியாது. தமிழில் வார், வான், வேன் என்று வந்தால் உடனே பர்மியத்தில் சொல்லிப் பாருங்கள். மெ வந்தால் வில் போடலாம். தெ வந்தால் வில் கூடாது, "ஈட்ஸ்" தான்.

பழைய காலத்து வழக்கத்துக்கும் தமிழ் இதே வடிவத்தைப் போடுகிறது. "அப்போதெல்லாம் ஆற்றில்தான் குளிப்போம்." அது முடிந்துபோன வழக்கம், ஆகவே "வி யூஸ்ட் டு பேத் இன் த ரிவர்". இதிலும் பர்மியம் மெ போடாது.

இதற்கு நேர் எதிரான இடத்தில் தமிழ் உதவும். பர்மியத் தெ வழக்கத்துக்கும் வரும், நடந்து முடிந்ததற்கும் வரும். "த்வா தெ" என்று மட்டும் சொன்னால் போனானா, போகிறவனா என்று சூழ்நிலையை வைத்துத்தான் சொல்ல முடியும். பர்மியத்தில் யோசிக்கும் பிள்ளை "யெஸ்டர்டே ஹி கோ டு பெகு" என்று எழுதுவது அதனால்தான். "போனான்" என்ற தமிழ்ச் சொல்லை ஒருமுறை மனதில் சொன்னால் "வென்ட்" வந்துவிடும். மெயா தெயா என்பதற்குப் பர்மியத்தைக் கேளுங்கள், போனானா போகிறானா என்பதற்குத் தமிழைக் கேளுங்கள்.

ஹி, ஷி, இட் வரும்போது வினைக்கு ஒட்டும் "ஸ்" விட்டுப்போவதும் பர்மியத்தின் வேலை. அங்கே நான் போனாலும் அவன் போனாலும் வினை ஒன்றே. தமிழில் போகிறேன், போகிறான், போகிறது என்று ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆங்கில "ஸ்" அந்த விகுதிகளின் மிச்சம் மாதிரி ஒன்று என்று சொன்னால் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு உடனே புரியும். இரண்டு எச்சரிக்கை. இந்த ஸ்ஸும் முதல் சொல்லில்தான் ஏறும். "டஸ்" வந்துவிட்டால் அதுவே வாங்கிக்கொள்ளும், "டஸ் நாட் ஈட்ஸ்" கிடையாது. அடுத்தது மரியாதை. "அப்பா வந்திருக்காங்க" என்று பன்மையில் சொல்லிப் பழகிய வீட்டுப் பிள்ளை "ஃபாதர் ஹாவ் கம்" என்றால் ஆச்சரியமில்லை. ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை இல்லை. அப்பாவானாலும் பெரிய சயாதோ (பௌத்தத் துறவி) ஆனாலும் ஹாஸ்.

எனக்கு என்று தொடங்கினால்

"ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் வான்டிங்", "ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்" என்ற பிழைகளுக்குப் புத்தகங்கள் ஒரு நீண்ட பட்டியல் தருகின்றன: இந்த வினைகளுக்கு இங் வராது, மனப்பாடம் செய். தமிழருக்குப் பட்டியல் தேவையில்லை. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் புரிகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, எனக்கு இரண்டு தம்பி இருக்கிறார்கள். எல்லாம் "எனக்கு". "நான்" என்று தொடங்காமல் "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியத்துக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இங் வராது: நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர், ஹாவ். உடம்பு சம்பந்தமானவை கொஞ்சம் விலகும். எனக்குப் பசிக்கிறது என்பது "ஐ ஆம் ஹங்ரி". எனக்குக் காய்ச்சல் என்பது "ஐ ஹாவ் அ ஃபீவர்". அவற்றிலும் இங் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தமின் சா பீபீலா

பிரசன்ட் பெர்ஃபெக்ட் கடினம் என்று எல்லாரும் சொல்வார்கள். பர்மாவில் வளர்ந்தவர் அப்படிச் சொல்லக்கூடாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். "தமின் சா பீபீலா" என்பது எப்போது சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த நிலையில் இருக்கிறாயா என்று கேட்கிறது. தமிழில் "சாப்பிட்டாச்சா?". ஆங்கிலத்தில் "ஹாவ் யூ ஈட்டன்?". "மசா தேபூ" என்ற பதில் அப்படியே "நாட் யெட்".

இன்னொரு பயன் அனுபவம். "பகான் யவ் பூ லா" என்றால் வாழ்நாளில் எப்போதாவது பகானுக்குப் போயிருக்கிறாயா என்று கேள்வி. (மறுப்பில் வரும் பூ வேறு, இது மூச்சை விட்டுச் சொல்லும் பூ.) இதற்கு ஆங்கிலம் "ஹாவ் யூ எவர் பீன் டு பகான்?". இங்கே கான் அல்ல, பீன். "ஹி ஹாஸ் கான் டு பகான்" என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. "ஹாஸ் பீன்" என்றால் போய் வந்தவர்.

கவனிக்க வேண்டியது நேரச் சொல். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 1998 என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் ஹாவ் வரவே கூடாது, வெறும் வி-2. "ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" தப்பு, "ஐ சா ஹிம் யெஸ்டர்டே" சரி.

நேரச் சொல்லில் நம்மை வழுக்கிவிடும் பெரிய பள்ளம் "போயிருந்தேன்". "நேற்று மோல்மேன் போயிருந்தேன்" என்பது தமிழில் சாதாரணப் பேச்சு. போய்விட்டு வந்தாயிற்று என்று பொருள். பிரித்தால் போய் + இருந்தேன். அதை அப்படியே மாற்றினால் "ஐ ஹேட் கான் டு மோல்மேன் யெஸ்டர்டே". கேட்கிற ஆங்கிலேயர் "சரி, அப்புறம்?" என்று காத்திருப்பார். ஏனென்றால் ஹேட் வந்தால் வேறு ஏதோ நடப்பதற்கு முன்பே இது நடந்தது என்று பொருள். "வென் ஹி கேம், ஐ ஹேட் கான்" என்பதில் இரண்டு நிகழ்ச்சி இருக்கிறது, ஹேட் முந்தியதைக் காட்டுகிறது. ஒரே நிகழ்ச்சி என்றால் "ஐ வென்ட்" போதும். ஹேட் எழுதும்போதெல்லாம் எதற்கு முன்னால் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் ஹேட்டை அடித்துவிடுங்கள்.

"மூணு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதில் தமிழ் வினை நிகழ்காலம். அதனால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வருகிறது. இதில் இரண்டு பிழை. அப்போது தொடங்கி இப்போதும் நடப்பதற்கு "ஹாவ் பீன் வொர்க்கிங்". நீளத்துக்கு "ஃபார்", தொடங்கிய புள்ளிக்கு "சின்ஸ்": ஃபார் த்ரீ இயர்ஸ், சின்ஸ் 2021. சிங்கப்பூர், மலேசியா வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையாவது பிழையில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாளாக இந்த வேலை செய்கிறாய் என்று கேட்காத முதலாளி இல்லை.

வந்தால், வரும்போது

"நான் வரும்போது கொண்டுவருகிறேன்." வரும் என்பது எதிர்கால வடிவம், ஆகவே "வென் ஐ வில் கம்" என்று எழுதத் தோன்றும். "அவன் வந்தால் சொல்கிறேன்." வந்தால் என்பதில் இறந்தகாலத்து வந்த் இருக்கிறது, ஆகவே "இஃப் ஹி கேம்" என்று எழுதத் தோன்றும். தமிழ் இரண்டு பக்கமும் இழுக்கிறது. பர்மியத்தில் இரண்டுக்கும் "லா யின்", வினையில் காலமே இல்லை. யின் வரும் பகுதிக்கு ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசன்ட்: "வென் ஐ கம்", "இஃப் ஹி கம்ஸ்". வில் மற்றப் பகுதியில் வரட்டும்.

நடக்காததைச் சொல்ல மட்டும் தமிழே போதும். வந்து + இருந்தால், சொல்லி + இருப்பேன். "இஃப் ஹி ஹேட் கம், ஐ வுட் ஹாவ் டோல்ட் ஹிம்." பெட்டிக்குப் பெட்டி பொருந்துகிறது. தேர்ட் கண்டிஷனல் என்று பெயர் வைத்துப் பயமுறுத்த வேண்டியதில்லை.

வி-2, வி-3, கடைசி எழுத்து

ஒழுங்கில்லாத வினைகளை அகரவரிசையில் படிப்பது வீண் வேலை. ஒலிக்குடும்பமாகப் படியுங்கள். கட், புட், ஹிட், ஷட், லெட், காஸ்ட் மூன்று வடிவத்திலும் மாறாதவை. சிங்-சாங்-சங் போல ரிங், டிரிங்க், சுவிம், பிகின். பிரிங்-பிராட் போல பை, திங்க், டீச், கேட்ச், ஃபைட். கீப்-கெப்ட் போல ஸ்லீப், வீப், ஸ்வீப். நாளுக்கு ஐந்து வீதம் எடுத்தால் அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய அறுபதும் பன்னிரண்டு நாளில் முடியும். தமிழிலும் வா-வந்தான், சா-செத்தான் என்று உண்டுதானே.

ஒழுங்கான வினைகளில் சிக்கல் எழுத்தில் இல்லை, வாயில். பர்மிய அசை உயிரிலோ மூக்கொலியிலோ தொண்டையை அடைத்தோதான் முடியும். ஆகவே பர்மியப் பேச்சில் ஊறியவர் "வொர்க்ட்" என்பதன் கடைசி ட்டை விழுங்கிவிடுவார். எழுதத் தெரிந்தும் காலம் காதில் விழாது. தமிழில் ஊறியவர் "வொர்க்டு" என்று ஒரு உகரம் சேர்ப்பார். இரண்டில் தமிழர் பிழை தேவலை, ட் காதில் விழுகிறதே.

ஒலிக்கு மூன்று வகை. முன்னால் ட் ஒலியோ (வான்ட்) அதன் மென்மையான ஒலியோ (நீட்) இருந்தால் மட்டும் தனி அசையாக "இட்": வான்டிட், நீடிட். க், ப், ஸ், ஷ், ச் போன்ற வல்லொலிகளுக்குப் பின் வெறும் ட்: வொர்க்ட், ஸ்டாப்ட், வாஷ்ட். மற்ற இடங்களில் அதே ஒலி மென்மையாக: பிளேய்ட், கால்ட். "வொர்க்கிட்", "ஸ்டாப்பிட்" என்று எல்லாவற்றுக்கும் இட் போடுவது எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வருவது.

பழகுவதற்கு உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். "வொர்க்ட் இன்" என்பதை "வொர்க்-டின்", "ஸ்டாப்ட் அட்" என்பதை "ஸ்டாப்-டட்" என்று ஒட்டிச் சொன்னால் ட் தானாக அடுத்த அசைக்குத் தாவிக்கொள்ளும், விழுங்க முடியாது, உகரமும் நுழையாது. "பிக்ட் இட் அப்" என்பதை "பிக்-டி-டப்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பின்னால் மெய்யெழுத்து வந்தால், உதாரணமாக "லுக்ட் பேக்" என்பதில், ஆங்கிலேயர்களே அந்த ட்டை விழுங்குவது வழக்கம். அதற்காகப் பிள்ளையைத் திருத்தி மெனக்கெட வேண்டாம்.